ஆக்னஸ் செய்த ரேடியோ

நாசரேத்,
8.4.74

அன்புள்ள அக்காவுக்கு, சௌந்தரி எழுதிக்கொண்டது.

கர்த்தர் கிருபையால் நான், அவர், ஆக்னஸ், சின்னவன் எல்லோரும் சுகம். உங்கள் சுகமும் சிலாஸ் அத்தான் சுகமும் அறிய ஆவல். அத்தானுக்கு முதுகு வலி குறைந்ததா? சனத்நகர் தொழிற்சாலைக்கு இன்னும் பஸ்ஸில் நின்றுகொண்டேதான் போகிறார்களா?

நீங்கள் ஒவ்வொரு கோடை லீவிலும் அக்கம்பக்கத்துப் பிள்ளைகளை வீட்டில் சேர்த்து, காந்தம், மோட்டார் என்று கையால் செய்யச் சொல்லிக் கொடுப்பதாக எழுதுவீர்களே, இந்த வருஷம் ஆக்னஸையும் சேர்த்துக்கொள்வீர்களா? நம் சபை குருவானவரின் தங்கை குடும்பம் ஈஸ்டர் முடிந்து செகந்திராபாத் திரும்புகிறது. அவர்களோடு அனுப்புகிறேன்.

ஏழாம் வகுப்புப் பரீட்சை நன்றாக எழுதவில்லை என்று அவளே சொல்கிறாள். ஆறாம் வகுப்பிலேயே இரண்டு வருஷம் இருந்தாள். அவர் அதே பள்ளியில் வாத்தியார், உங்களுக்குத் தெரியும். "இந்தத் தடவையும் பெயிலானா பள்ளிக்கூடம் போதும், தையல் கிளாஸுக்குப் போகட்டும். மத்த வாத்தியார்மார் முன்னால நான் எப்படி நிக்க?" என்கிறார்.

ஒன்று மட்டும் சொல்கிறேன். அவளிடம் ஏதாவது சொல்வதானால் முகத்துக்கு நேரே நின்று சொல்லுங்கள். கொஞ்சம் கவனம் குறைந்த பிள்ளை. வேறொன்றும் இல்லை.

தங்கை,
ஞானசௌந்தரி

செகந்திராபாத்,
22.4.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

ஆக்னஸ் பத்திரமாக வந்து சேர்ந்தாள். நீ கட்டிக் கொடுத்த முறுக்கில் பாதி வண்டியிலேயே தீர்ந்துவிட்டது, மீதி அத்தானிடம். முதுகு வலி அப்படியே. தைலம் தேய்த்துவிட்டால் "கை வலிக்கப் போகுது, போதும்" என்று சொல்லிக்கொண்டே இன்னும் கொஞ்சம் குனிந்து கொடுக்கிறார்.

வகுப்பு நேற்று முன்தினம் தொடங்கியது. மொத்தம் எட்டுப் பேர். காலை எட்டிலிருந்து பத்தரை வரை. அதற்குப் பிறகு எங்கள் தகரக் கூரை யாரையும் உட்கார விடாது. முதல் நாள் ஆணியில் கம்பி சுற்றி மின்காந்தம் செய்தோம். ஆக்னஸின் சுற்று எவ்வளவு நெருக்கமாக இருந்தது தெரியுமா? சுற்றுக்கும் சுற்றுக்கும் நடுவே நகம் நுழையாது. பக்கத்து காம்பவுண்டு நீலா பன்னிரண்டு குண்டூசி தூக்கினாள். உன் மகள் முப்பத்தொன்று.

பேச்சுதான் இல்லை. பிள்ளைகள் தங்களுக்குள் ஹிந்தியும் தெலுங்கும் பேசுகிறார்கள். நம் தமிழ்ப் பிள்ளைகளே நான் தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்கிறவர்கள். நாசரேத்துப் பெண் என்ன செய்வாள்? வந்த இரண்டாம் நாளே ஒரு வழி கண்டுபிடித்துவிட்டாள். யார் என்ன கேட்டாலும் "ஹவ்". ஆமாம் என்பதற்கு இந்த ஊரில் அப்படித்தான். எதிர் வீட்டு ஜுலைகா இன்று, "தூ திவானி ஹை க்யா?" என்று கேட்டாள். நீ பைத்தியமா என்று அர்த்தம். ஆக்னஸ் பெரிய மனுஷி மாதிரி தலையாட்டி, "ஹவ்." மற்ற ஏழு பேரும் தரையில் விழுந்து சிரித்தார்கள். நானும் சிரித்தேன். அவளும் சிரித்தாள்.

அத்தானும் நானும் வீட்டில் பேசும் தமிழே அவளுக்குப் புரியவில்லை போலிருக்கிறது. இருபது வருஷத்தில் பாதி உருது கலந்து போயிற்று. கூப்பிட்டால் விழிக்கிறாள். பழகிவிடும்.

சின்னவனுக்கு முத்தம். உன் வீட்டுக்காரர் தம்பி கிதியோனுக்கு எங்கள் ஸ்தோத்திரம்.

அக்கா,
ஐவி

நாசரேத்,
1.5.74

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம், சுகமறிய ஆவல். நேற்று ரிசல்ட் வந்தது. மூன்று பாடத்தில் பெயில். அவர் ஒன்றும் சத்தம் போடவில்லை. சாயங்காலம் தையல் கிளாஸ் நடத்தும் அம்மாவைப் பார்த்துப் பேசிவிட்டு வந்தார். ஜூன் பதினைந்துக்குள் சேர்க்க வேண்டுமாம்.

அவளிடம் இப்போது சொல்ல வேண்டாம். உங்களுக்கு அவளைப் பற்றி ஏதாவது தோன்றினால் எழுதுங்கள். எதுவாக இருந்தாலும்.

சௌந்தரி

செகந்திராபாத்,
6.5.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

எல்லோரும் சுகம். வெயில் மட்டும் சுகமாக இல்லை.

உன் கடிதம் படித்து எனக்குக் கோபம் வந்தது. அன்றைக்கு நாம் இரண்டு பெண்களும் படிக்க வேண்டும் என்று அப்பா ஒற்றைக்காலில் நின்றார். நான் பி.எஸ்ஸி. முடித்தேன். நீ எஸ்.எஸ்.எல்.சி.யோடு நின்றது உன் டைபாய்டினால், மூளையினால் இல்லை. ஒரு பரீட்சையை வைத்து இந்தப் பிள்ளையைத் தையல் மெஷின் முன்னால் உட்கார வைப்பதா? தையல் மட்டம் என்று சொல்லவில்லை. அவளை யார் கேட்டார்கள் என்கிறேன்.

எனக்கு அவளைப் பற்றித் தோன்றுவதை எழுதச் சொன்னாய். தோன்றுவது இதுதான்: அவள் கைக்குப் புத்தி இருக்கிறது. மின்சார மணி செய்தபோது ஜுலைகாவின் மணி அடிக்கவில்லை. ஆக்னஸ் எட்டிப் பார்த்து, பிளேடை எடுத்துக் கம்பி முனையில் மின்சாரத்தைத் தடுக்கும் எனாமல் பூச்சைச் சுரண்டிவிட்டாள். அடித்தது. நான் அந்தப் பாடத்தை இன்னும் சொல்லவே இல்லை. ஜுலைகா அன்றிலிருந்து அவளைவிட்டு நகர்வதில்லை. ஒருத்திக்குத் தமிழ் தெரியாது, மற்றவளுக்கு ஹிந்தி தெரியாது. அப்படியும் நாள் முழுக்க ஏதோ நடக்கிறது.

அடுத்தது ரேடியோ. பேட்டரியே இல்லாமல் பாடும் கிரிஸ்டல் செட். இதற்காகப் போன வாரம் அத்தான் ஜுமேராத் பஜாரில் பழைய சாமான்களுக்கு நடுவே அலைந்து, ராணுவத்தில் கழித்துக் கட்டிய ஹெட்போன் ஒன்று வாங்கி வந்தார். இரண்டு காதில் ஒன்றுதான் வேலை செய்கிறது. எட்டுப் பேருக்கும் அதுதான்.

எட்டாம் தேதியிலிருந்து ரயில் ஸ்டிரைக் என்கிறார்கள். கடிதம் தாமதமானால் பயப்படாதே.

ஐவி

செகந்திராபாத்,
12.5.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

நீங்கள் எல்லோரும் சுகமாக இருக்க வேண்டுகிறேன். ரயில் ஓடவில்லை. இது எப்போது உன் கைக்கு வருமோ தெரியாது. ஆனால் இன்றே எழுத வேண்டும்.

வெள்ளிக்கிழமை ரேடியோ முடிந்தது. பவுடர் டப்பா அட்டையில் நூறு சுற்றுக் கம்பி, ஒரு டையோடு, ஸ்டேஷன் பிடிப்பதற்குப் பழைய ரேடியோவிலிருந்து கழற்றிய கண்டென்சர். வேப்ப மரத்திலிருந்து ஏரியல், குழாயிலிருந்து எர்த். முதலில் முடித்தது ஆக்னஸ். எல்லோரும் சுற்றி நிற்க, ஹெட்போனை எடுத்து மாட்டினாள்; அதில் வேலை செய்யும் பக்கம் வலக் காதுக்கு வந்தது. கண்டென்சரை மெல்லத் திருப்பினாள். உதட்டைப் பிதுக்கினாள்.

"கேக்கல பெரியம்மா. எங்கயோ கம்பி விட்டுட்டு."

பிரித்தாள். திரும்பச் சுரண்டினாள். முறுக்கினாள். வைத்தாள். கேட்கவில்லை. மறுபடியும் பிரித்தாள். நீலா, "ஆன்ட்டி, இவளோடது டப்பா செட், என்னோடதைப் பாருங்க" என்று கத்துகிறாள். மூன்றாவது தடவை ஆக்னஸின் கண்ணில் நீர் முட்டிவிட்டது. ஜுலைகா பொறுக்க மாட்டாமல் ஹெட்போனைப் பிடுங்கித் தன் காதில் வைத்தாள். "அரே, ஆரா நா! சாஃப் ஆரா!" வருகிறதே, தெளிவாக வருகிறதே என்று குதித்தாள். குதித்த வேகத்தில் அதை ஆக்னஸின் இடது காதில் கொண்டுபோய் அழுத்தினாள்.

சௌந்தரி, அந்த முகத்தை நீ பார்த்திருக்க வேண்டும். "பெரியம்மா! இப்பக் கேக்குது! நாகஸ்வரம்!"

அவள் தன் செட் சரியாகிவிட்டது என்று நினைத்தாள். நான் அடுப்பங்கரைக்குப் போய் நின்றேன்.

பிள்ளைகள் போனபின் அத்தானின் கைக்கடிகாரத்தை அவள் பின்னால் நின்று வலக் காதில் வைத்தேன். "நின்னுபோச்சா பெரியம்மா?" என்றாள். இடது காதில் வைத்தேன். "ஓ, ஓடுது."

எத்தனை நாளாக இப்படி என்று கேட்டேன். "எல்லாருக்கும் ஒரு காதுதான் நல்லாக் கேக்கும்னு நெனச்சேன். வலக்கை எடக்கை மாதிரி" என்றாள்.

ஒலி என்ற பாடத்தில் நான் கல்லூரியில் முதல் மதிப்பெண் வாங்கியவள். மூன்று வாரம் என் வீட்டில், என் சாப்பாட்டு மேசையில் ஒரு பிள்ளை பாதிப் பேச்சை விட்டுவிட்டு உட்கார்ந்திருக்கிறாள். நான் பாஷை தெரியவில்லை என்று உனக்கு வேடிக்கையாகக் கடிதம் எழுதியிருக்கிறேன். பைத்தியமா என்று கேட்டதற்குத் தலையாட்டினாள் என்று சிரித்திருக்கிறேன்.

அவளுக்குக் காதில் எப்போதாவது நோவு வந்ததா? உடனே எழுது. இங்கே டாக்டரிடம் காட்டப்போகிறேன்.

ஐவி

செகந்திராபாத்,
24.5.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

இங்கு சுகம். உன்னிடமிருந்து கடிதம் இல்லை. எழுதினாயா, வழியில் கிடக்கிறதா, தெரியவில்லை.

காது டாக்டரைப் பார்த்தோம். வலக் காதின் சவ்வில் பெரிய ஓட்டை. உள்ளே பழைய சீழ். அதில் கேட்கும் திறன் கால்வாசிகூட இல்லை. இடது காது நன்றாக இருக்கிறது. சொட்டு மருந்து போட்டுச் சீழை முதலில் நிறுத்த வேண்டும், தண்ணீர் படக்கூடாது, இன்னும் கொஞ்சம் வளர்ந்தபின் சவ்வை ஒட்டுவதற்கு ஆபரேஷன் யோசிக்கலாம் என்றார். "இது நேற்று வந்ததில்லை. தாயாருக்குத் தெரிந்திருக்குமே" என்றார். தாயார் ஊரில் இருக்கிறாள் என்றேன்.

எனக்கு ஒரு யோசனை. அவள் இங்கேயே இருக்கட்டும். மருந்துக்கும் வசதி. எங்கள் தெருமுனைப் பள்ளியில் ஏழாம் வகுப்பில் சேர்த்துக்கொள்வார்கள், கேட்டுவிட்டேன். தம்பி கிதியோனுக்கும் மற்ற வாத்தியார்கள் முன்னால் சங்கடம் இருக்காது. அவளுக்குத் தையல் கிளாஸும் வேண்டாம். ஒரு வருஷம். பிறகு பார்த்துக்கொள்ளலாம். உனக்குத் தெரிந்திருந்து ஏன் சொல்லவில்லை என்பதையும் எழுது.

ஐவி

நாசரேத்,
30.5.74

அன்புள்ள அக்காவுக்கு,

இங்கு எல்லோரும் சுகம். உங்கள் இரண்டு கடிதமும் நேற்று ஒன்றாக வந்தன. சின்னவனுக்கு வேர்க்குரு. இந்த வருஷம் பதநீர் நன்றாக இருக்கிறது. ஸ்டிரைக் முடிந்து ரயில் ஓட ஆரம்பித்துவிட்டதாம். ஆக்னஸை உடனே அனுப்பிவிடவும். அத்தானுக்கு என் ஸ்தோத்திரம்.

சௌந்தரி

செகந்திராபாத்,
4.6.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

சுகம். உன் கடிதத்தை மூன்று தடவை படித்தேன். வேர்க்குரு இருக்கிறது, பதநீர் இருக்கிறது. காது இல்லை.

முதலில் கோபப்பட்டேன். அத்தானிடம் காட்டினேன். அவர் என்னுடைய பழைய கடிதத்தில் என்ன எழுதினேன் என்று கேட்டார். சொன்னேன். "ஏ ஐவி, அது லெட்டரா, வக்கீல் நோட்டீஸா? பிள்ளையைப் பெத்தவகிட்ட குத்தத்தையும் சொல்லி, பிள்ளையையும் குடுன்னா அவ பதநீரைப் பத்தித்தான் எழுதுவா" என்றார்.

அதற்குப் பிறகு இரண்டு நாள் யோசித்தேன். எழுதவே கூசுகிறது, ஆனாலும் எழுதுகிறேன். ஸ்டிரைக் நீள வேண்டும் என்று ஆசைப்பட்டேன், சௌந்தரி. காலையில் நான் தலை பின்னிவிட, அவள் கையில் கம்பிச்சுருளோடு உட்கார்ந்திருப்பாள். எங்களுக்குப் பிள்ளை இல்லை என்பதை நான் யாரிடமும் சொல்லிப் புலம்பினதில்லை, உன்னிடமும். மருந்து, பள்ளி என்று எழுதியதெல்லாம் உண்மைதான். ஆனால் அவை மட்டும் உண்மை இல்லை. அவளை அனுப்பிவைக்கிறேன். உன் பிள்ளை.

ஆனால் அனுப்பினால் தையல் மெஷின்தான் என்றால், அவளுக்குக் காது கேட்காததற்கு அவளையே தண்டிக்கிறோம். தம்பியிடம் சொல்ல வேண்டும். நான் எழுதலாமா, நீ சொல்கிறாயா? அதை மட்டும் சொல். உன்மேல் எனக்குக் கோபம் இல்லை.

அக்கா,
ஐவி

நாசரேத்,
11.6.74

அன்புள்ள அக்காவுக்கு,

சுகம் என்று எழுத வருகிறது, பழக்கத்தில். நான் சுகமாக இல்லை.

ஆக்னஸுக்கு ஐந்து வயதில் மணல்வாரி அம்மை போட்டது. அவர் அப்போது பயிற்சிக்காகப் பாளையங்கோட்டையில் தங்கியிருந்தார். அம்மை இறங்கியதும் காது நோவு. இரவும் பகலும் "காது, காது" என்று கத்தினாள். பக்கத்து வீட்டு ஆரோக்கியமேரி அக்கா, பூண்டு தட்டிப் போட்டு எண்ணெய் காய்ச்சி ஊற்று, எல்லாரும் செய்கிறதுதானே என்றாள். காய்ச்சினேன். கொதிக்கிற எண்ணெய் இல்லை அக்கா. ஆனால் ஆறவும் இல்லை. பிள்ளை கத்துகிற அவசரத்தில் நான் விரல் வைத்துப் பார்க்கவில்லை. ஊற்றினதும் ஒரு அலறல். அப்புறம் தூங்கிப்போனாள். நோவு நின்றுவிட்டது என்று நான் ஜெபம் பண்ணினேன்.

நாலு நாள் கழித்துச் சீழ் வந்தது. அவர் வருவதற்குள் துடைத்துவிட்டேன். பிறகு அவ்வப்போது வரும், தலைகாணி உறையை நானே துவைத்துவிடுவேன். அவள் வலப்பக்கம் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று எனக்கு ஆறு வருஷமாகத் தெரியும். என் கையால் கெடுத்தேன் என்று அவரிடம் எப்படிச் சொல்வேன்? இன்றைக்குச் சொல்லலாம், நாளைக்குச் சொல்லலாம் என்று இருந்தேன். அவர் அவளைக் கவனமில்லாத கழுதை என்று ஏசும்போதெல்லாம் அடுப்பை ஊதிக்கொண்டே இருந்திருக்கிறேன்.

உங்களிடம் ஏன் அனுப்பினேன் என்று நினைக்கிறீர்கள்? நீங்கள் கண்டுபிடிப்பீர்கள் என்றுதான். கண்டுபிடித்ததும் பயந்துவிட்டேன்.

அந்த டாக்டரிடம் எண்ணெயைப் பற்றிக் கேளுங்கள் அக்கா. அவர் என்ன சொன்னாலும் எழுதுங்கள். தையல் கிளாஸுக்கு அவர் பணம் கட்டப் போகிறார். இரண்டு வாரம் தவணை கேட்டிருக்கிறேன், காரணம் சொல்லாமல்.

சௌந்தரி

செகந்திராபாத்,
17.6.74

அன்புள்ள சௌந்தரிக்கு,

உன் கடிதம் கண்டேன். அத்தானிடம் காட்டவில்லை. நீ அனுமதித்தால் சொல்வேன்.

டாக்டரிடம் கேட்டேன். மணல்வாரிக்குப் பிறகு சீழ் பிடித்துச் சவ்வு ஓட்டையாவது அவர் தினமும் பார்க்கிற விஷயம், எண்ணெயே படாத பிள்ளைகளுக்கும் வருகிறது என்றார். அப்படியானால் எண்ணெயால் இல்லையா என்றேன். "ஏழு வருஷம் கழித்து நான் எப்படியம்மா சொல்வது? அது கொஞ்சம் கெடுத்திருக்கலாம், ஒன்றும் செய்யாமலும் இருந்திருக்கலாம்" என்றார். எண்ணெயால் இல்லவே இல்லை என்று உனக்கு எழுதிவிடலாமா என்று பஸ்ஸில் வரும் வழியெல்லாம் நினைத்தேன். நீ என்ன சொன்னாலும் எழுதச் சொன்னாய். அதனால் சொன்னதை எழுதுகிறேன்.

இன்னொன்று அவர் சொன்னது: இப்போதாவது கொண்டு வந்தார்களே. அது உன்னால். நான் கண்டுபிடித்ததாக எழுதிக்கொள்கிறேன். அனுப்பியது நீ.

தம்பியிடம் நீயே சொல். நான் சொன்னால் அது வேறு ஒரு வீட்டுச் செய்தி ஆகிவிடும். நடுங்கினாலும் பரவாயில்லை, சொல்.

அத்தான் லீவு போட்டு ஆக்னஸை அழைத்து வருகிறார். இருபத்திரண்டாம் தேதி வந்து சேர்வார்கள். டாக்டர் கடிதம், மூன்று மாதத்துக்கு மருந்து எல்லாம் பெட்டியில். குளிக்கும்போது பஞ்சில் வாசலின் தொட்டு அடைக்க வேண்டும், அவளுக்கே தெரியும். ஜுலைகா நேற்றிலிருந்து சாப்பிடவில்லை என்று அவள் அம்மா குறை சொல்கிறாள். நான் சாப்பிடுகிறேன்.

அக்கா,
ஐவி

நாசரேத்,
8.7.74

அன்புள்ள பெரியம்மாவுக்கு ஆக்னஸ் எழுதுவது.

நான் சுகம். நீங்களும் பெரியப்பாவும் சுகமா? ஜுலைகா சுகமா என்று கேட்டதாகச் சொல்லுங்கள். மருந்து தினமும் அம்மா போடுகிறாள். போடுவதற்கு முன்னால் பாட்டிலை உள்ளங்கையில் வைத்துப் பார்க்கிறாள், சூடு இருக்கிறதா என்று. சூடு எப்படி இருக்கும் என்று கேட்டேன். அப்போதுதான் எண்ணெய் ஊற்றின கதையைச் சொல்லி அழுதாள். எனக்கு அது ஞாபகமே இல்லை பெரியம்மா. அம்மா மடியில் படுத்திருந்தது மட்டும் ஞாபகம் இருக்கிறது. அதைச் சொன்னேன். இன்னும் அழுதாள்.

அப்பாவிடமும் அம்மா சொல்லிவிட்டாள், நான் வருவதற்கு முன்பே.  நான் வந்த மறுநாள் அப்பா டாக்டர் கடிதத்தை நிதானமாகப் படித்துவிட்டு, "வா" என்று பள்ளிக்கூடத்துக்குக் கூட்டிப்போனார். ஞாயிற்றுக்கிழமை, யாரும் இல்லை. நான் போன வருஷம் உட்கார்ந்த இடத்தில் உட்காரச் சொன்னார். எங்கள் பள்ளியில் பெண்கள் பெஞ்சு எப்போதும் சுவர் ஓரம். எனக்கு நல்ல காது சுவரைப் பார்த்து இருக்கும். அப்பா மேசையிலிருந்து மெதுவாக ஏதோ சொன்னார். நான் "என்னப்பா?" என்றேன். இன்னொரு தடவை சொன்னார். "என்னப்பா?" என்றேன். அப்புறம் அவர் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டார்.

திங்கட்கிழமை பெண்கள் எல்லோரும் ஜன்னல் பக்கம், பையன்கள் சுவர் பக்கம். லலிதாம்பாள் டீச்சர், "என்ன சார், இருபது வருஷப் பழக்கத்தை மாத்திட்டீங்க" என்று கேட்டார்கள். "என் மகளுக்கு அந்தப் பக்கம் கேக்காது டீச்சர்" என்று அப்பா எல்லோர் முன்னாலேயும் சொன்னார். எனக்கு வெட்கமாக இருந்தது. கொஞ்ச நேரம்தான்.

ஏழாம் வகுப்பில் மறுபடியும் இருக்கிறேன். தையல் கிளாஸ் இல்லை. இன்றைக்கு மனக்கணக்கு. அப்பா வாயால் சொல்வார், நாங்கள் விடையை மட்டும் சிலேட்டில் எழுத வேண்டும். எனக்குப் பத்துக்கு ஏழு. மூன்று தப்பு. அந்த மூன்றும் எனக்கு நன்றாகக் கேட்டது பெரியம்மா, கேட்டுத்தான் தப்பாகப் போட்டேன். அப்பா கையில் ஒரு அடி போட்டார். எல்லோருக்கும் போட்ட மாதிரியே.

இப்படிக்கு,
ஆக்னஸ்